பதினோரு கிலோ

தார் ரோடு முடிகிற இடத்தில் பைக்கை ஓர் உடைமரத்தடியில் நிறுத்திவிட்டு ஆசீர் பையை முதுகில் ஏற்றியபோது மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. எட்டு மாதமாகப் பீரோவுக்கு மேலே கிடந்த பை. வார் இரண்டும் நேற்றுத்தான் கழற்றி வைத்த மாதிரி தோளில் அதே பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தன, அதுவே அவனுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சமாவது உறுத்தியிருக்கலாம். இடுப்புப் பட்டையின் கொக்கி ஒரு துளை தள்ளிப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான் இந்த எட்டு மாதம் அவன் உடம்பில் செய்திருந்த வேலை. பதினோரு கிலோ. பெரிய பனோரமா கேமரா மட்டும் மூன்று கிலோவுக்குப் பக்கம் வரும். ஒரு சுருளில் நாலே நாலு படம், ஒவ்வொரு படமும் உள்ளங்கையைவிட நீளம். சின்னது ரஷ்யாக்காரன் செய்தது, பொத்தானை அமுக்கினால் லென்ஸே தலையைத் திருப்பி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிர்ரென்று பார்த்துவிட்டு நிற்கும். அப்புறம் முக்காலி, மட்டம் பார்க்கிற குமிழ், வெளிச்சமானி, டிபன் டப்பாவுக்குள் ஃபிலிம், தண்ணீர். எல்லாம் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பைக்குள் தடுப்புத் தைத்துக் கொடுத்தவள் பியூலா. பழைய மெத்தையின் பஞ்சுப்பலகையை அறுத்து நீலத் துணியால் உறை போட்டுத் தையல் மெஷினில் ஓட்டியபோது ஊசி இரண்டு முறை ஒடிந்தது. 'உங்க சக்களத்திக்கு நானே வீடு கட்டித் தாரேன் பாருங்க' என்று சிரித்தாள். சிரித்துத்தான் சொன்னாள். சிரித்துத்தானே சொன்னாள்? செம்மண்ணில் கால் புதைந்தது. தேரி மணல்மேட்டில் நடப்பவன் கையை வீசி நடக்க முடியாது, பாதத்தைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டும், இரண்டடி வைத்தால் ஓரடி திரும்ப வரும். சிரித்த முகம் நினைவுக்கு வந்தது, ஆனால் வாய் கோணாமல் இருந்த முகமா கோணிய முகமா என்று சட்டென்று பிடிபடவில்லை. அந்தப் பழைய முகத்தின் மேலேயே இப்போதைய முகம் படிந்துவிட்டது, ஒரே ஃபிலிமில் இரண்டு தடவை எடுத்த மாதிரி.

அவன் வருவதாகவே இல்லை. ஜெஸ்லின்தான் விரட்டினாள். பியூலாவின் தங்கை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் கூடவே இருக்கிறாள், தன் வீட்டையும் புருஷனையும் சாத்தான்குளத்தில் விட்டுவிட்டு. நேற்றுச் சாயங்காலம் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவியபடியே சொன்னாள்: "அத்தான், நாளைக்கு லீவுதான, ரெண்டு மணி நேரம் அந்தக் கேமராவத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போய்ட்டு வாங்க. நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு எதுக்க உக்காந்திருந்தா அவ வாயே தொறக்க மாட்டேங்கா." அவன் கட்டிலைப் பார்த்தான். "போய்ட்டு வரட்டா பியூலா?" என்று கேட்டான். அவள் இடது கையால் போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே "நாளைக்கு" என்றாள். ஜெஸ்லினுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியளா, அவளே சொல்லுதா!" ஆனால் பியூலாவிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு சொல்தான். பசிக்கிறதா என்றால் நாளைக்கு. வலிக்கிறதா, நாளைக்கு. மூத்திரத் துணியை மாற்றும்போது கண்ணில் தண்ணீர் வழிய நாளைக்கு, நாளைக்கு. போதகர் வந்து ஜெபம் பண்ணி முடித்ததும் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் நாளைக்கு. டாக்டர் விளக்கினார், சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், அது ஏன் அந்தச் சொல் என்று கேட்காதீர்கள் என்றார். கேட்காமல் எப்படி இருப்பது. முப்பது வருஷம் நாலாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவளின் வாயில் எத்தனை ஆயிரம் சொல் இருந்திருக்கும், அத்தனையும் போய் இது மட்டும் ஏன் நின்றது? பக்கவாதம் வந்து விழுந்த நேரத்தில் நாக்கு நுனியில் இருந்த சொல்லாக இருக்கும். அப்படியானால் அன்றைக்கு நாளை என்ன? பிப்ரவரி மாதக் காலண்டர்த் தாளைக் கிழிக்காமல் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறான், நூறு தரம் பிரித்துப் பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை. வட்டம் இல்லை, குறிப்பு இல்லை. கல்யாணம் இல்லை, கோயிலில் அசன விருந்து இல்லை, யாருக்கும் பிறந்த நாள் இல்லை. நாளைக்குக் கோயிலுக்குக் கட்டச் சேலை இஸ்திரி போடணும் என்று சொல்ல வந்தாளா? நாளைக்கு ஆட்டுக்கறி எடுப்போமா? அல்லது 'நாளைக்குப் பேசிக்கிடலாம், இப்ப வாங்க'. இதுதான் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். நாளைக்குப் பேசிக்கிடலாம், இப்ப வாங்க, எனக்கு என்னமோ பண்ணுது.

கிழக்கே வானம் வெள்ளரிப்பழத்தின் உட்புறம் போல வெளிறத் தொடங்கியிருந்தது. ஆசீர் நின்று மூச்சு வாங்கினான். நின்றால் நினைப்பு அதிகம், நடந்தால் மூச்சு அதிகம். போன் எங்கே என்று கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. இருந்தது, இடது பக்கம், இப்போதெல்லாம் அங்கேதான், சத்தமும் முழுக்க வைத்து. அவள் விழுந்த அன்றைக்கு, இதே தேரியில், அது பையின் மேல்மூடியில் கிடந்தது. முக்காலிக்குப் பக்கத்தில் பை, பையின் மேல் போன். ஆறு நாற்பத்திரண்டு. அவன் ஷட்டரைத் திறந்து வைக்கிற ரிலீஸ் வயரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தான், எட்டு எண்ண வேண்டும், லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் எட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு என்பதற்குள் போன் உறுமியது. திரையில் பியூலா என்று இருந்தது. பார்த்தான். பார்க்கவில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள எட்டு மாதம் முயன்றுவிட்டான், முடியவில்லை. பார்த்தான், வாசித்தான், பெயரின் மூன்று எழுத்தும் தெரிந்தது. எட்டு எண்ணி முடிக்கவும் உறுமல் நின்றது. அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தினான். மேடு முழுக்கச் செம்பு உருக்கி ஊற்றிய மாதிரி ஒரு வெளிச்சம், பனைகள் அத்தனையும் ஒரே திசையில் நீள நீளமாக நிழல் போட்டிருந்தன, அது மூன்று நிமிஷம் இருக்கும், அதிகம் போனால் நாலு. மறுபடி உறுமியது. போனின் அதிர்வு பை வழியாக மண்ணில் இறங்கி முக்காலியை ஆட்டிவிடுமோ என்று பயம் வந்தது. மண்ணில் அதிர்வு எங்கே போகும்? ஒரு முட்டாள்கூட அப்படி நினைக்க மாட்டான். ஆனால் அவன் நினைத்தான். கை இரண்டும் கேமராவில் இருந்ததால் காலை நீட்டிக் காலால் அதைத் தள்ளினான். போன் பையிலிருந்து சறுக்கி மண்ணில் குப்புற விழுந்து கொஞ்ச நேரம் அங்கேயே முனகிவிட்டு அடங்கியது. காலால். கையால் தள்ளியிருந்தால் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் இல்லை, ஆனால் இரவில் உடம்பு தூக்கிப் போடுவது அந்த இடத்தில்தான். கட்டைவிரலின் நகத்தில் பட்ட அந்த வழவழப்பு. உள்ளே பியூலா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், வெளியே அவன் கால். வருகிற வழியில் மீன் வாங்கச் சொல்வாள் என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான். சாளை என்றால் சின்னதாக வாங்காதீர்கள் என்பாள்.

நாலரை மணி நேரம் என்றார் டாக்டர். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி நடைபாதையில் சாயம்போன பச்சைச் சுவரில் சாய்ந்து நின்றவனிடம், குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ஓர் ஊசி இருக்கிறது. ஆறு நாற்பத்திரண்டோடு நாலரையைக் கூட்டினால் பதினொன்று பன்னிரண்டு. அவன் வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டு. நடுவில் என்ன செய்தான்? சின்னக் கேமராவில் ஒரு சுருள் முடித்தான். ஒன்பதரைக்குக் காயாமொழியில் டீ குடித்தான், இரண்டு உளுந்தவடை, சட்னி நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். அப்போதுதான் நினைவு வந்து திருப்பிக் கூப்பிட்டான், எடுக்கவில்லை, கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தான், கோபம் ஆறட்டும் என்று சாவகாசமாக வந்தான். அடுக்களையில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியவில்லை. விழுவதற்கு முன்னால் அடுப்பை அணைத்திருக்கிறாள். இரண்டு தரம் போன் அடித்து, எடுக்காமல் போக, அடுப்பை அணைத்துவிட்டு விழுந்திருக்கிறாள். அல்லது அணைத்துவிட்டு அடித்தாளா? எது முதலில்? இந்த வரிசை தெரிந்தால் என்ன கிடைக்கப்போகிறது, ஒன்றுமில்லை, ஆனாலும் மனசு அங்கேயே போய்ப் போய் முட்டும். அவன் எடுத்திருந்தால் பக்கத்து வீட்டுச் சாமுவேல் சாருக்குச் சொல்லியிருப்பான், சார் கார் வைத்திருக்கிறார், எட்டேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசல். எட்டேகால். எந்த வழியாகக் கூட்டினாலும் எட்டேகால்தான் வந்தது. ரயில்வே கேட் அடைத்திருந்தது என்று வைத்துக்கொண்டான், எட்டரை. டயர் பஞ்சர் என்று வைத்துக்கொண்டான், ஒன்பது. அவளைக் காப்பாற்ற விடாமல் என்னென்னவோ இடைஞ்சலைக் குறுக்கே போட்டுப் பார்த்தான், எல்லாவற்றையும் தாண்டி அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தாள். ஜெஸ்லின் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உறவுக்காரர்களிடம் தானாகவே சொன்னாள்: "பாவம் அத்தான், காட்டுக்குள்ள நிக்கிற மனுசனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?" எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் தரையைப் பார்த்தான். ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, பொய் என்று ஒன்றை வாய்திறந்து அவன் சொன்னதே கிடையாது. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம் தொங்கினான். பியூலாவுக்குத் தெரியுமா? கஞ்சி ஊட்டும்போது சில நேரம் அவனையே உற்றுப் பார்ப்பாள். அது கேள்வியா, பதிலா, வெறும் கண்ணா?

அந்த இடத்தைத்தான் தேடி வந்திருந்தான், அதைத் தனக்குச் சொல்லிக்கொள்ளாமலே. இரட்டைப் பனை, பக்கத்தில் ஒரு கொல்லாமுந்திரி மரம், அதிலிருந்து இருபதடி. போய் நின்று என்ன செய்வதாக இருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மண்டியிட்டிருக்கலாம். ஆனால் மேடு அங்கே இல்லை. ஆடிக்காற்று மூன்று மாதம் அடித்து மண்ணை அள்ளிக் கொண்டுபோய் வேறெங்கோ கொட்டியிருந்தது. இரட்டைப் பனையின் வேர்க்கட்டை ஓராள் உயரம் வெளியே தெரிந்தது, அன்றைக்கு அவன் நின்ற தரை இப்போது வெறும் காற்றாக அவன் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். நின்று வருந்தக்கூட ஓர் இடமில்லை. பையை இறக்கினான். முதுகில் வேர்வை பட்ட இடத்தில் காற்று ஜில்லென்றது, அந்தச் சுகம்கூட வெட்கமாக இருந்தது. சும்மா நிற்க முடியாமல் முக்காலியை விரித்தான். அது ஒன்றுதானே அவனுக்குச் செய்ய வந்தது. கால் மூன்றையும் மண்ணில் அழுத்தி, கேமராவை ஏற்றி, குமிழ் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்தான். விரல்களுக்கு எதுவும் மறக்கவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து சுருளை எடுத்துக் காகிதப் பட்டையைக் கிழித்து அதன் நுனியை இழுத்து மாட்டினான். அன்றைய சுருள் இன்னும் கழுவாமல் வீட்டுக் குளிர்பெட்டியில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் மூன்றாவது படம் பிரமாதமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். வெளிச்சமானியை நீட்டியபோது சூரியன் மேட்டின் விளிம்பை உடைத்துக்கொண்டு வந்தது. காற்று அரித்த சரிவில் வரிவரியாக நிழல் விழுந்தது, அந்த வரிகளின் மேலாக வெளியே தெரிந்த பனைவேர்கள், இடது கோடியில் ஒற்றை உடைமரம். மரத்தைச் சேர்க்கலாமா? அரையடி வலப்பக்கம் திருப்பினால் மரம் போய்விடும், ஆனால் சரிவு முழுசாக வரும். இல்லை, மரம் வேண்டும், மரம்தான் கண்ணை நிறுத்தும். முக்காலியை ஓரடி பின்னால் நகர்த்தி, குனிந்து, மூச்சைப் பிடித்து, வயரை அமுக்கினான். ஒண்ணு. ரெண்டு. மூணு. எட்டு எண்ணி முடித்து விரலை எடுத்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஐந்து நிமிஷத்தில் பியூலா என்று ஒருத்தி உலகத்திலேயே இல்லாமல் இருந்திருக்கிறாள். கட்டில் இல்லை, கஞ்சி இல்லை, நாளைக்கு இல்லை. அவன் சந்தோஷமாக இருந்தான். எட்டு மாதம் அழுத அழுகை எல்லாம் ஓரடி பின்னால் நகர்ந்ததும் கழன்று விழுந்துவிட்டது. இப்போது போன் அடித்திருந்தால்? இதே ஐந்து நிமிஷத்துக்குள் ஜெஸ்லின் அலறிக்கொண்டு கூப்பிட்டிருந்தால்? அவன் சட்டைப்பையைப் பார்த்தான். எடுத்திருக்க மாட்டான். எல்லாம் தெரிந்தும், எல்லாம் நடந்தும், எட்டு எண்ணி முடிக்கும்வரை எடுத்திருக்க மாட்டான். அன்றைக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஓர் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த மன்னிப்பும் போய்விட்டது. அவன் அப்படிப்பட்ட ஆள். மண்ணில் உட்கார்ந்தான்.

ஆட்டுமணிச் சத்தம் கேட்டது. ஏழெட்டு வெள்ளாடுகள் சரிவில் சிதறி ஏற, பின்னால் தலையில் துண்டைக் கட்டிய ஒரு பொம்பளை வந்தாள். ஐம்பது வயதிருக்கும். முக்காலியைக் கண்டதும் தூரத்திலேயே நின்றுவிட்டாள். "அண்ணாச்சி, சர்வேக்கு வந்திருக்கியளா? எங்க எடத்த அளக்கப் போறியளா?" குரலில் பயம் இருந்தது. "இல்லம்மா, போட்டோ எடுக்கேன்." நம்பாமல் பக்கத்தில் வந்து கேமராவைச் சுற்றிப் பார்த்தாள். "இதுல என்ன கெடக்குன்னு போட்டோ எடுக்கிய? வெறும் மண்ணு." அவள் அவன் முகத்தைக் கவனித்தாள். "ஏன் அண்ணாச்சி ஒரு மாதிரி இருக்கிய? தண்ணி வேணுமா? மேலுக்குச் சொகமில்லையா?" ஏனென்றே தெரியாமல் அவன் வாய் திறந்துகொண்டது. எட்டு மாதம் போதகரிடமும், ஜெஸ்லினிடமும், கதவை அடைத்துக்கொண்டு செய்த ஜெபத்திலும் வராத வாக்கியம், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் வந்தது. "என் வீட்டுக்காரி போன் பண்ணுனா. நான் பாத்தேன். பாத்துட்டே எடுக்கல."

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று, காறித் துப்பினாலும் சரி என்று, அவள் முகத்தையே பார்த்தான். அவள் சிரித்தாள்.

"இதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிய? சண்டையா? சரி, விடுங்க. இப்பக் கூப்பிட்டுப் பேசுங்க. இந்த எடத்துல டவர் நல்லாக் கெடைக்கும். எம்மவன் சூரத்துல இருந்து கூப்பிட்டா நான் இங்கதான் ஏறி வந்து பேசுவேன். பேசுங்க, பேசுங்க. பொம்பளைக கோவம் எம்புட்டு நேரம்?"

கம்பை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள், பேசி முடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்கிற மாதிரி. விளக்கிச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. போனை எடுத்தான். யாரையும் கூப்பிடாமல், இருண்ட திரையைக் காதில் வைத்துக்கொண்டான். காதுக்குள் ஒன்றுமே இல்லை, சட்டைப்பையின் சூடேறிய கண்ணாடி மட்டும். அப்போதுதான் புரிந்தது, இது எவ்வளவு சுலபம் என்று. அந்தப் பக்கம் யாருமில்லை. இந்தப் பக்கம் நிற்பவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், வெளிச்சத்தைச் சொல்லலாம், எட்டு எண்ணியதைச் சொல்லலாம், காலால் தள்ளியதைச் சொல்லலாம். ஒருவரும் கேட்காத இடத்தில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்வதற்கு எதற்குப் பயம்?

"பியூலா," என்றான். ஆட்டுக்காரி, ம், மேலே சொல்லுங்க என்று தாடையை ஆட்டினாள்.

"கேக்கல பியூலா. பைக்குள்ள கெடந்துது. நெசமா எனக்குக் கேக்கவே இல்ல."

சொல்லி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. குட்டி ஒன்று பையின் வாரை மோந்து பார்த்தது, அவள் அதை விரட்டினாள்.

"என்ன சொன்னாவ?" என்று கேட்டாள், ஆவலாக.

ஆசீர் போனைக் கீழே இறக்கினான்.

"பரவாயில்லன்னு சொல்லுதா."

"அப்புறம் என்ன," என்றாள் அவள். திருப்தியாகக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடுகளை அதட்டியபடி மறுபக்கச் சரிவில் இறங்கிப் போனாள். மணிச்சத்தம் தேய்ந்து நின்றது. வெயில் வெளுத்து, வரிகளும் நிழல்களும் கரைந்து, எதிரே அவள் சொன்ன அந்த வெறும் மண் மட்டும் கிடந்தது.